எனக்கு மட்டும் கேட்ட இசைத்தட்டு

கனடாவிலிருந்து வந்த மச்சாள், வேலணையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பெட்டியைத் திறந்து முதலில் வெளியே எடுத்தது சொக்கிலேற் அல்ல, இரண்டு துவாய்களால் சுற்றிய ஒரு பழைய இசைத்தட்டு. அதன் அட்டையில் நீள முடி வைத்த நாலு வெள்ளைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வெட்டவெளியில் நடந்து போகிறார்கள். அட்டையின் ஓரமெல்லாம் தேய்ந்து நார் தெரிந்தது.

"அண்ணை, இவையை ஆரெண்டு தெரியுதோ?"

என் கணவர் எழும்பி நின்றுவிட்டார். இரண்டு கையையும் சாரத்தில் துடைத்த பிறகுதான் அதை வாங்கினார்.

மச்சாள் அவருடைய ஒரே தங்கை. அவர்களுடைய தகப்பனுக்குத் தெற்கே ஒரு நகரத்தில் பலசரக்குக் கடை இருந்தது. குடும்பம் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கணவருக்கு இருபது வயது இருக்கும்போது கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போன இடத்தில் இந்த ஆங்கில ரொக் இசைத்தட்டை வாங்கி வந்தாராம். அண்ணனும் தங்கையும் தகப்பன் கீழே கடையில் நிற்கிற நேரம் பார்த்து அதைப் போட்டுக் கேட்பார்கள். "மேல என்ன, தகரம் உருளுதோ?" என்று தகப்பன் படியில் நின்று கத்துவாராம். கலவரத்தில் கடை எரிந்தபோது மாடியும் ரெக்கோட் பிளேயரும் சேர்ந்தே எரிந்துபோயின. இசைத்தட்டு மட்டும் தப்பியதற்குக் காரணம், ஒரு சிநேகிதனுக்குக் காட்டுவதற்காக அதை அவர் முந்திய மாதம் ஊருக்குக் கொண்டு வந்து விட்டுப் போயிருந்ததுதான். பிறகு தங்கை கலியாணம் முடித்து வெளிநாடு போகும்போது, "இஞ்ச போட்டுக் கேக்கிறதுக்கு ஒண்டுமில்லை. நீ கொண்டு போ" என்று கொடுத்து அனுப்பினார். அவர் கொடுக்காமல் வைத்திருந்தால், பிறகு நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டங்களில் அது எங்கே போயிருக்குமோ தெரியாது.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது அதற்குப் பிறகு. அந்தப் பாட்டுகள் எனக்கு அவர் வாயால் அடிக்கிற சீக்காயும் விரல் தட்டலுமாகத்தான் தெரியும். சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது கோப்பையில் தட்டுவார். குறிகாட்டுவான் துறையில் வள்ளத்துக்கு நிற்கும்போது சைக்கிள் சீற்றில் தட்டுவார். அகதியாகப் பள்ளிக்கூடத்துக்குள் இருந்த நாட்களிலும் பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கில் தட்டினார். எனக்கு எரிச்சலாக இருக்கும். "உந்தத் தட்டலை நிப்பாட்டுங்கோ" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

மச்சாள் இசைத்தட்டை மட்டும் கொண்டுவரவில்லை. அங்கே இதற்கென்று ஒரு கடை இருக்கிறதாம். தட்டை மெஷினில் கழுவி, புது ஊசியில் ஓடவிட்டு, கொம்பியூட்டரில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சீடியில் கேட்பதைவிட எத்தனையோ மடங்கு துல்லியம் என்றா. அதைக் கேட்பதற்குத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவியும், காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போனும் கொண்டு வந்திருந்தா.

அடுத்த நாள் மூவரும் சாட்டிக் கடலில் குளித்துவிட்டு வந்து சாப்பிட்ட பிறகு, அவரைக் கதிரையில் இருத்தி ஹெட்போனை மாட்டிவிட்டா. தானும் முன்னால் கதிரை போட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். இரண்டு பாட்டு முடிந்ததும் கழற்றினார்.

"எப்பிடி அண்ணை?"

"அந்த மாதிரி! கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

அந்த முகம் எனக்குத் தெரியும். கலியாண வீடுகளில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது விளங்காவிட்டால் அவர் வைத்துக்கொள்ளும் முகம் அது.

மச்சாள் சந்தோசமாகப் பக்கத்து வீட்டுக்குச் சொக்கிலேற் கொடுக்கப் போனா. படலை சாத்திய பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. பாடுறவன் கிணத்துக்குள்ள நிண்டு பாடுறான். தாளத்தட்டு அடிக்கிறது துப்பரவாக் கேக்கேல்லை. அவளுக்குச் சொல்லிப்போடாதையும், பாவம்."

காது டொக்டர் முன்னமே சொன்னதுதான். மெல்லிய உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகும் என்றார். அவருக்குக் குருவிச் சத்தம் போய்ச் சில வருடங்கள். காதுக்குப் போடும் மெஷின் வாங்கியும் அலுமாரிக்குள் கிடந்தது, கிழவனாகத் தெரியுமாம்.

"கொண்டாங்கோ பாப்பம்" என்று நான் வாங்கி மாட்டினேன். அவருடைய மனவருத்தத்தைப் பார்க்க ஏலாமல்தான் மாட்டினேன், பாட்டில் ஆசைப்பட்டு அல்ல.

முதல் வரிக்கு முன்னால் பாடுகிறவன் மூச்செடுத்தது கேட்டது. எனக்குப் பின்னால் ஆரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கிற்றார் கம்பியில் விரல் வழுக்கிப் போகிற கீச்சுச் சத்தம் கேட்டது. வலப்பக்கத்தில் தாளத்தட்டு, மழை தொடங்கும்போது தகரத்தில் விழுகிற துளி மாதிரி.

"தாளத்தட்டு கேக்குது!" என்றேன்.

"வலப்பக்கமோ?"

"ஓம், வலப்பக்கம். மெல்லமாத்தான் அடிக்கிறான்."

"இனிக் கொஞ்சத்தால எல்லாம் நிக்கும். றம் அடிக்கிறது மட்டும் தனிய வரும்."

நின்றது. றம் மட்டும் வந்தது. அவர் கதிரைக் கையில் தட்டத் தொடங்கினார். என் காதுக்குள் விழுந்ததும் அவர் விரல் தட்டியதும் ஒரு அடி பிசகவில்லை. கோப்பையிலும் வாங்கிலும் இவ்வளவு காலம் அவர் தட்டியது இதைத்தான். பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன், என்ன? பிழையே?"

"இல்லை, சரியாத்தான் தட்டுறியள்!"

ஹெட்போன் மாட்டியிருந்ததால் நான் கத்திக் கத்திக் கதைத்தது எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அது வசதியாகப் போய்விட்டது, நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கிறது. மச்சாளுக்கும் படலையடிவரை கேட்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் அவ விறாந்தைப் படியில் நிற்கிறா. நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"அண்ணை, உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "றம் கேக்குது, பிள்ளை. மற்றதுகள்தான் கொஞ்சம்..."

மச்சாள் படியிலேயே குந்திவிட்டா. அழப்போகிறா என்றுதான் நினைத்தேன். அவ சிரிக்கத் தொடங்கிவிட்டா.

"எனக்கும் ஒரு காது பாதிதான் அண்ணை. அந்தக் கடைக்காரன் பழசையும் புதுசையும் மாத்தி மாத்திப் போட்டு, வித்தியாசம் தெரியுதோ எண்டு கேட்டவன். எனக்கு ரெண்டும் ஒண்டுதான். வெக்கத்தில ஓமெண்டு தலையாட்டிப்போட்டு வந்தனான்."

"அப்ப ஆருக்கடி இவ்வளவு துல்லியம்?"

"மச்சாளுக்குத்தான்!" என்று என்னைக் காட்டினா.

மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மனிசி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. பிறகு பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும் நான் நடுவில் இருந்து, கேட்டதையெல்லாம் உரத்துச் சொன்னேன். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தங்கை. நான் சொல்லச் சொல்ல அவர்கள் இரண்டு பேரும் அந்த மாடி அறைக்குள் இருந்தார்கள். எந்த யன்னலைச் சாத்தினால் சத்தம் கீழே போகாது என்பதில்கூட இரண்டு பேரும் பிடுங்குப்பட்டார்கள்.

மச்சாள் திரும்பிப் போகும்போது தட்டை அண்ணனிடமும் கருவியையும் ஹெட்போனையும் என்னிடமும் விட்டுப் போனா. விமான நிலையத்துக்குப் போகிற வானில் ஏறும்போது, "சார்ஜ் இறங்க விடாதேங்கோ மச்சாள்" என்பதுதான் கடைசியாகச் சொன்னது.

இப்போது மத்தியானச் சமையல் முடிந்தால் நான் கேட்பேன். பாட்டின் சொல் பாதி விளங்காது. அது எனக்குப் பிரச்சினையில்லை. அவர் காது மெஷினை ஒருவழியாக அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டார். அதைப் போட்டால் பாட்டு ஏதோ றேடியோவில் வருகிற மாதிரிக் கேட்கிறதாம். என்றாலும் தாளத்தட்டு கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. ஒரு கிற்றார், ஒரு குரல், வேறொன்றும் இல்லை. நேற்றும் அதைப் போட்டு, என்ன பாட்டென்று அவருக்கும் சொன்னேன்.

"அதென்ன பாட்டெண்டு கேக்கிறீர்? அழுமூஞ்சிப் பாட்டு. அது வாறதுக்கு முன்னம் நாங்கள் ஊசியைத் தூக்கிப்போடுவம்."

"அப்ப உங்களுக்கு இந்தப் பாட்டே தெரியாது" என்று சொல்லி ஹெட்போனை அவருடைய தலையில் மாட்டிவிட்டுக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அவர் நித்திரையாகியிருந்தார்.