மதிய ஷிஃப்டுக்கு மறுநாள் காலை

என் மனைவி தீவுப் பக்கம் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகளாகத் தாதி. நாங்கள் குடியிருப்பது கடலுக்கு இக்கரையில், பட்டர்வொர்த்தில். சென்ற ஆண்டு அவளுடைய வார்டில் ரோஸ்டர் போடும் முறை மாறியது. அதுவரை தாதியர் தங்களுக்குள் நாள்களை மாற்றிக்கொள்வார்கள். தீபாவளிக்கு மலாய்த் தோழி நிற்பாள், நோன்புப் பெருநாளுக்கு இவள் நிற்பாள். புதிய முறையில் கணினி பட்டியல் போட்டது, மாற்றிக்கொள்ளக் கூடாது. அடுத்த வாரத்துப் பட்டியல் சனிக்கிழமை மாலைதான் கைப்பேசிக்கு வரும்.

அதில் மதிய ஷிஃப்டை அடுத்துக் காலை ஷிஃப்ட் அடிக்கடி வந்தது. ஒன்பது மணிக்கு வேலை முடித்து, ஃபெரி பிடித்து, வீடு சேரப் பத்தரை. காலை ஏழுக்கு மறுபடி வார்டில் நிற்க வேண்டும். மூன்று பேர் வேலையை விட்டார்கள். நான்காவதாக இவள் போகவிருந்தாள். இக்கரையிலேயே, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை கிளினிக்கில் எட்டு முதல் ஐந்து வரை வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ராஜினாமாக் கடிதத்தை நான்தான் திருத்தினேன். பத்திரிகை அலுவலகப் பழக்கத்தில் ஒன்பது வரியை நான்காக்கினேன். திங்களன்று அதை வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் கொடுத்தாள். சிஸ்டரும் தமிழர்தான்.

"நீயும் போயிட்டா நான் யார வச்சு வார்ட ஓட்டுறது? அந்தக் கம்ப்யூட்டரையா ட்ரிப் போடச் சொல்றது?" என்று கேட்டாராம்.

"மாத்திக்க விட்டா நான் ஏன் சிஸ்டர் போறேன்?"

"கடுதாசி என்கிட்டயே இருக்கட்டும். வியாழன் வரைக்கும் டைம் குடு."

மேலிடத்தில் அவர் என்ன பேசினார் என்பது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் தாதியர் அறை மேசையில் அடுத்த மாதத்துக்கான வெற்று அட்டவணையும் ஒரு பென்சிலும் கிடந்தன. வர முடியாத நாள்களை அவரவர் குறிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். சிஸ்டர் கையெழுத்துப் போட்டால் போதும்.

வியாழன் மாலை மாதம் முழுவதற்குமான பட்டியல் வந்தது. வரிவரியாகப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி மதியம், பதின்மூன்று காலை.

"பாத்தியா, மறுபடி அதே கத" என்றேன்.

"அது நானே எழுதுனதுலா. கூட்டாளி மகனுக்கு ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே. அவ எனக்காகப் பதினெட்டாந்தேதி நிக்கிறா."

"அப்ப தூக்கம்?"

"ஒரு நாள்தானே. காலைல நீங்க காடி ஓட்டிக் கொண்டாந்து விடுங்க."

வெள்ளி காலை தொழிற்சாலைக்கு அவளே போன் செய்தாள். அங்கே போனை எடுத்த அம்மா சம்பளம் பற்றாதா என்று கேட்டிருக்க வேண்டும். "சம்பளம்லாம் ஓகே மேடம். நான் இருக்கிற எடத்துலயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அன்று அவளுக்கு மதிய ஷிஃப்ட். ஒரு மணிக்கு ஃபெரி ஏறும் ஜெட்டியில் கொண்டுபோய் விட்டேன். பல மாதமாகக் காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்பவள், அன்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்.