காபி மிஷினில் அரைத்த தோல்

மூடியின் மேல் வைத்திருந்த உள்ளங்கை சுட்டது. காபிக்கொட்டை அரைப்பதற்காக நான் வாங்கிய சின்ன மின்சார மிஷின் அது. அன்று அதற்குள் சுழன்றுகொண்டிருந்தது காபிக்கொட்டை அல்ல, தோல். அந்தச் சூடு கையில் பட்டதுமே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டினேன். பதினாறு வருடங்கள் ஆகிவிட்டன.

அப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் பரிசோதனைக் கூடத்துக்கு நான் பொறுப்பாளர். வேதியியல் படித்தவன். வேலூர் பஜாரில் இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து அந்த மிஷினை வாங்கி, விதிக்கு மாறாக, கூடத்து அலமாரியில் வைத்திருந்தேன். தினமும் பத்தரை மணிக்கு அதில் அரைத்த பொடியில் ஃபில்டர் காபி. முதல் டம்ளர் எனக்கு, இரண்டாவது ட்ரம் மேஸ்திரிக்கு. தோலைக் குரோமும் சாயமும் சேர்த்துச் சுழற்றும் பெரிய மரப்பீப்பாய்களைத்தான் ட்ரம் என்போம். எட்டு ட்ரம்களும் அவர் பொறுப்பில் இருந்தன. தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவி, வெட்டுவாயைப் பார்த்தே குரோம் உள்ளே இறங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். நான் ரசாயனம் ஊற்றிப் பார்த்து அதையே சொல்வேன். “இன்னா சார், உங்க பாட்டிலு இன்னா சொல்லுது? என் கண்ணு சொன்னதுதானே?” என்று சிரித்துக்கொண்டே காபியை உறிஞ்சுவார்.

சோதனைக்கு வரும் தோலைப் பொடியாக்கியாக வேண்டும். அதற்கென்று இருந்த மிஷின் பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்தது. வெளிநாட்டுக் காலணிக் கம்பெனிக்கு அன்று மாலைக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். கத்திரியால் நறுக்கினால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். நான் அலமாரியைத் திறந்தேன்.

குரோமில் இரண்டு வகை உண்டு. தோலைப் பதப்படுத்துவது ஒன்று. உடம்புக்குக் கேடான, ‘குரோம் ஆறு’ என்று நாங்கள் சொல்வது மற்றொன்று. சூடு பட்டால் முதல் வகையில் கொஞ்சம் இரண்டாவதாக மாறிவிடலாம். இது எனக்குத் தெரியும். தெரிந்தே அரைத்தேன். ரிப்போர்ட்டில் குரோம் ஆறு வரம்பைத் தாண்டி வந்தது. அனுப்பிவிட்டேன். இரவெல்லாம் உள்ளங்கையின் சூடே நினைவில் இருந்தது. மறுநாள் விடிந்ததும் போய், அதே தோலைக் கத்திரியால் நறுக்கி மறுபடி சோதித்தேன். துளியும் இல்லை. அந்த முடிவைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட நேரத்தில் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

அறைக்குள் மேஸ்திரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். “என் ட்ரம்ல இந்தத் தப்பு வராது மொதலாளி. அல்லா மேல ஆணையா வராது,” என்றார். முதலாளி அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சார் இன்னா சொல்றாரு?” மேஸ்திரியும் என்னைப் பார்த்தார். பயமில்லாத பார்வை அது. நான் அவருக்காகப் பேசுவேன் என்று நம்பிய பார்வை. காபி மிஷினைப் பற்றிச் சொன்னால் என் வேலை போகும் என்பது மட்டுமே அந்தக் கணத்தில் என் மனதில் இருந்தது. “ரிப்போர்ட் சொல்றதுதான்,” என்றேன். அந்த இரண்டு வார்த்தைகளில் அவருடைய இருபத்திரண்டு வருட வேலை முடிந்தது. சட்டைப்பையில் இருந்ததை ஆலைக் கழிப்பறையில் கிழித்துப் போட்டேன். காபி மிஷினை அன்றே பாலாற்றுப் பாலத்திலிருந்து வீசினேன்.

வேறெந்த டேனரியும் அவரை எடுக்கவில்லை. டீக்கடையில் அவருக்கு ‘ஆறாம் நம்பர்’ என்று பெயர் வைத்தார்கள். ஆம்பூர் பஜாரில் மிக்ஸி, கிரைண்டர் விற்கும் தன் மச்சானின் கடையில் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஓய்வு பெறும்வரை அந்தத் தெருவில் நான் நடந்ததில்லை.

இப்போது வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். “கடைப்பொடி சரியில்லன்னு தினம் புலம்பறதுக்கு ஒரு மிஷின் வாங்கிக்கோயேன்பா. ஜாஸ்தி விலை வேணாம், சுமாரானது போதும்,” என்றாள் மகள். வேலூரில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். மிஷின் ஒரு சாக்கு என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

மச்சான் கடையில் இருந்த மேஸ்திரிக்குத் தாடி முழுக்க வெளுத்திருந்தது. ஆனாலும் அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். “அட, சார்! வழி தப்பி வந்துட்டீங்களா?” நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் கேட்டதும் மூன்று மிஷின்களை மேசையில் வரிசையாக வைத்தார். “இது பிளேடு வச்சது. விலை கம்மி. ஆனா இது அரைக்காது சார், வெட்டும். பாதி மாவாயிடும், பாதி நொய்யா நிக்கும். இந்தப் பெரிய எலெக்ட்ரிக் நல்ல சரக்குதான். ரெண்டு டம்ளர் காபிக்கு இது எதுக்கு? கல்யாண மண்டபமா நடத்தறீங்க? நடுவுல இருக்கறது கையால சுத்தறது. ரெண்டு கல்லுக்கு நடுவுல மெதுவா அரைக்கும், சூடே ஏறாது. கை கொஞ்சம் வலிக்கும், அவ்ளோதான்.” சொன்னதோடு நிற்காமல், பிளேடு மிஷினில் ஒரு பிடி கொட்டையைப் போட்டு ஓட்டினார். “மூடியைத் தொட்டுப் பாருங்க. இந்தச் சூட்டுலயே பாதி வாசனை போயிடும்.” நான் தொடவில்லை. கை மிஷின்தான் எனக்குச் சரி என்று தெரிந்தது.

அவரே பேச்சைத் தொடர்ந்தார். “அன்னைக்கு எங்கயோ என் கைதான் தவறிடுச்சு சார். எந்த மருந்துல தப்பு பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கறேன். ரெண்டாவது சாயத்துலயா, காய வச்சதுலயா, புடிபடவே இல்ல. உங்க மேல வருத்தமில்ல. உங்க பேப்பரு இருக்கறதைத்தானே சொல்லுச்சு.”

அவர் என்னைத் திட்டுவார் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். தன் கையையே அவர் சந்தேகித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காபி மிஷின், சூடு, கத்திரி, சட்டைப்பை. ஒன்றையும் விடவில்லை.

“எவ்ளோ நேரம் ஓட்டுனீங்க?”

“ஏழெட்டு நிமிஷம்.”

“ரெண்டாவது தடவை பாத்தீங்களே, அதுல எவ்ளோ?”

“ஒண்ணுமே இல்ல மேஸ்திரி. உங்க ட்ரம் சரியா இருந்துச்சு.”

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “அழாதீங்க சார். கஸ்டமர் வந்தா பேஜாரு,” என்றார், குரல் உயராமல். பிறகு பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தார். “எழுதுங்க. அன்னைக்கு எழுதுனீங்களே, அதே மாதிரி.” காபி மிஷினில் அரைத்ததையும் சேர்த்து எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே பதவியையும் போடச் சொன்னார். ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். “அன்னைக்கு இருந்த பதவி,” என்றார். அதைப் போட்டேன்.

“எதிர்ல ஜெராக்ஸ் கடை. நாலு எடுங்க. மொதலாளி மகனுக்கு ஒண்ணு, டீக்கடைக்கு ஒண்ணு, மச்சானுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.” எடுத்து வர கடையில் ஆள் இருந்தான். “நீங்களே போங்க,” என்றார்.

ஜெராக்ஸ் கடைப் பெண் தாளை மிஷினில் வைக்கும்முன் படித்துவிட்டாள். “தாத்தா, இது நீங்களா?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். மிஷினின் வெளிச்சம் நான்கு முறை போய் வந்தது. திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரி கடை வாசலுக்கே வந்து நின்றிருந்தார். பதினாறு வருடமாக என் ரிப்போர்ட்டை நம்பித் தன் கையைச் சந்தேகித்தவர், நான் அப்படியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடுகிறேனா என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.