‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆகும்?

பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. நாயகனும் நாயகியும் முதல் காட்சியில் ஒருவரையொருவர் ‘யூ’ என்கிறார்கள். கடைசிக் காட்சியிலும் அதே ‘யூ’தான். ‘நீங்க’ எந்த நிமிஷத்தில் ‘நீ’ ஆனது என்று தெரிவதே இல்லை. நமக்குக் காதலே அந்த நிமிஷத்தில்தானே இருக்கிறது?

மற்றபடி அந்தக் கறுப்பு வெள்ளை நாயகிகளை எனக்குப் பிடிக்கும். மூச்சு விடாமல் எதிர்த்துப் பேசுவார்கள். “பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ வாய் ஆகாதுடி” என்று என் அம்மா சொல்வது போல அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. கடைசியில் யாராவது ஒருவர் ரயிலைப் பிடிக்க ஓடுவதுதான் சகிக்காது. முன்பே வாயைத் திறந்திருந்தால் ஓட வேண்டாமே!

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர் ஒருவர்தான்: பொம்மனஹள்ளி ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர், சொந்த ஊர் வேலூர். ஒரு வருஷமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவருடைய போனில், ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்தோம். அவருக்கு நான் ‘நீங்க’, எனக்கும் அவர் ‘நீங்க’.

ஒரு வெள்ளிக்கிழமை, படம் பாதியில் ஓடும்போதே சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறோம். இன்னிக்கு சாயங்காலமே ஊருக்குக் கிளம்பறேங்க.”

“ஓ... நல்லதுங்க.”

அவ்வளவுதான் வந்தது. ஊர்ப்பட்ட படங்களுக்கு விமர்சனம் சொன்ன வாயில் அப்போது கொழுக்கட்டை. என்மேலேயே ஆத்திரம் வந்தது.

சாயங்காலம், எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி, ஓசூர் ரோடு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். வழியெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசினோம். வேலூர் பஸ் வந்தது, நல்ல கூட்டம். அவர் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு வாசலை நோக்கி ஓடினார்.

“பேக ஹத்தி, பேக!” என்று, சீக்கிரம் ஏறச் சொல்லி, கண்டக்டர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

பக்கத்து சீட்டுக்காரர் படியில் கால் வைத்தார். இந்த பஸ் போனால் எல்லாம் போனதுதான் என்று எனக்குத் தெரிந்தது. பத்தடி தூரம். ஓடினேன்.

“நீ போகாத!”

பஸ் ஏறக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவரும் திரும்பினார்.

“என்ன சொன்னீங்க?”

அவர் பக்கம் ‘ங்க’ அப்படியேதான் இருந்தது. ஆனால் சொன்னதை இனி விழுங்க முடியாது.

“நீ போகாதன்னு சொன்னேன்.”

கண்டக்டர் விசில் அடித்தார். படியில் நின்றவர் கம்பியை விட்டுவிட்டு இறங்கினார்.

“இன்னொரு தரம் சொல்லு” என்றார்.

பஸ் கிளம்பிவிட்டது. பையும், அதற்குள் பெண் பார்க்கவென்று எடுத்த புதுச் சட்டையும் மட்டும் வேலூர் போய்ச் சேர்ந்தன.