மலைக்குப் போகாத பேட்டரிகள்

மதியம் ஒன்று ஐம்பது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் மலைக்குப் புறப்படவிருந்த வண்டியின் முன்வரிசை ஜன்னலோரத்தில் ஓர் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. பெட்டியைச் சுற்றிச் சணல் கயிறு. கயிற்றின் முனை இருக்கைக் கம்பியில் இரண்டு முடிச்சாகப் போடப்பட்டிருந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் உட்காராமல், பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி மலைப் பள்ளியின் பாட்டு வாத்தியார் நின்றிருந்தார்.

"இன்னா வாத்யாரே, பெட்டிக்கு ஜன்னலோரமா? இருவது வருசமா இந்த வண்டியில வர்றேன், எனக்கே அந்த யோகம் இல்ல" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் எடுத்துகினுதாங்க ஒக்கார வெச்சிருக்கேன்" என்றார் வாத்தியார். உண்மையிலேயே இரண்டு டிக்கெட் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பெட்டியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "வந்துடிச்சி சார்."

உள்ளே இருந்தது ஒரு டேப் ரெக்கார்டர். எங்கள் கல்வி வட்டாரத்துக்கே ஒன்றுதான் ஒதுக்கியிருந்தார்கள். கூடவே ஒரு கேசட். ஒரு பக்கம் பயிற்சி பெற்ற பாடகி பாடிய ஐந்து கூட்டுப்பாட்டுகள், மறுபக்கம் வெறும் தம்புரா ஸ்ருதி. அந்த மெஷினைக் கேட்டு இரண்டு வருடமாக விண்ணப்பம் எழுதியவன் நான்.

நானும் பாட்டு வாத்தியார்தான். நகரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. மாலையில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளர் வேலை. எனக்கு ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. அதனாலேயே மெஷின் கிடைக்கவில்லை. "உங்களுக்குப் பொட்டி இருக்குது, அவருக்கு இன்னா இருக்குது?" என்று கல்வி அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. அது நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை நாளிதழுக்குச் செய்தி எழுதினேன். மலைப் பள்ளிக்கு டேப் ரெக்கார்டர் வழங்கப்பட்டது, இசை வகுப்புக்குப் பயன்படும், பெற்றோர் வரவேற்றனர். நான்கு வரி. வாத்தியார் அதில் இல்லை.

அவர் களமருதூர்க்காரர். வீட்டில் நெல் விவசாயம். என்னைவிட எட்டு வயது இளையவர். குரல் சுமார்தான், அவரே சொல்லுவார். ஆனால் அவருடைய பிள்ளைகள், சாமையும் தினையும் விளைவிக்கும் மலைக்குடும்பத்துப் பிள்ளைகள், முப்பது பேர் வாயைத் திறந்தால் ஒரே வாய் திறந்தது போலிருக்கும். என் பிள்ளைகளிடம் அதை நான் பத்து வருடமாகக் கேட்டதில்லை. முன்வரிசை ஓடும், பின்வரிசை துரத்தும். மெஷின் இல்லாதபோதே அவரிடம் அது இருந்தது. இப்போது மெஷினும் அவரிடம் போனது.

அதிகாரி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். போட்டி வரைக்கும் மெஷின் மலையில் இருக்கும். கள்ளக்குறிச்சியில் நடக்கும் கூட்டுப்பாட்டுப் போட்டியில் அந்தப் பிள்ளைகள் கேசட்டில் உள்ளபடி பாடினால் அங்கேயே விட்டுவிடலாம். இல்லையென்றால் என் பள்ளிக்கு வந்துவிடும்.

மலைப் பள்ளிக்கு மின்சாரம் இல்லை. மின்கம்பங்கள் வெள்ளிமலை என்ற ஊரோடு நின்றிருந்தன. மெஷினுக்கு ஆறு பெரிய பேட்டரி வேண்டும். கல்வி அலுவலகம் மாதத்துக்கு ஆறு கொடுத்தது. அலுவலகம் என் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்ததால், நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, பேருந்து நிலையத்தில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. மலைக்கு மருந்து, தபால், பூ, செருப்பு எல்லாம் அப்படித்தான் போயின. மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் கண்டக்டர் பொட்டலத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "இன்னும் பாட்டு வர்ல சார்" என்பார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. சுவர்களில் சுண்ணாம்பு எழுத்து, டீக்கடையில் தணிந்த பேச்சு. நான்காவது மாதத்துப் பேட்டரிகளை ஒரு வெள்ளிக்கிழமை காலை வாங்கினேன். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, செய்தி சேகரிக்கப் போன இடத்தில், மறுநாள் விடியலில் இருந்து சாலைகளை மறிக்கப் போகிறார்கள், ஒரு வாரம் எதுவும் ஓடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மலை வண்டி இரண்டு மணிக்கு. பேருந்து நிலையம் நடந்து போகும் தூரம். பொட்டலம் என் பையில் இருந்தது.

செய்தியைத் தந்தி கொடுக்கப் போனேன். அஞ்சல் நிலையத்தில் வேலை ஒன்றரைக்கே முடிந்துவிட்டது. இரண்டு மணி வரைக்கும் அங்கேயே, பேனா கட்டிப் போட்டிருந்த மேசை ஓரமாக நின்றேன். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. பிறகு பள்ளிக்குப் போய் பொட்டலத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன்.

மறுநாள் காலை சின்னசேலம் சாலையில் சைக்கிளில் போனேன். சாலையோரப் புளியமரங்கள் வெட்டிக் குறுக்கே சாய்க்கப்பட்டிருந்தன. பச்சை வாசனை. கிளைகளுக்கு நடுவே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டினேன். கச்சிராயபாளையம் பக்கமும் அப்படியே என்று சொன்னார்கள். தினமும் எழுதினேன். எந்த மரம், எந்த மைல்கல், எந்த வண்டி நின்றது என்று எல்லாம் சரியாக எழுதினேன். மறியல் ஒரு வாரத்தில் முடிந்தது. மரங்களை அகற்றி, உடைந்த சிறுபாலத்தைச் சரிசெய்து, மலை வண்டி மறுபடி ஓட மூன்று வாரம் ஆனது. அப்போது போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. அப்போதும் கொடுக்கவில்லை.

போட்டியன்று காலை அவர் முப்பது பிள்ளைகளோடு வந்து இறங்கினார். இளைத்திருந்தார். மெஷினை எடுத்து வரவில்லை.

"பேட்டரி தீந்துடிச்சி சார். நீங்க கொடுத்தனுப்பி இருப்பீங்க, வண்டியே வர்லன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"ஆமா, வண்டி ஓடல" என்றேன்.

"வெள்ளிமலக் கடையில டார்ச் லைட்டுக்கு இருந்ததும் மூணே நாள்ல காலி. பழசையே பாறை மேல வெயில்ல காய வெச்சி, காய வெச்சி ஓட்டினோம். ரெண்டு பொண்ணுங்க குச்சி வெச்சிகினு காவல். ஆடு நக்கிட்டுப் போயிடுது."

பேட்டரியை வெயிலில் காயவைப்பது எல்லா வீட்டிலும் செய்வதுதான். சூடேறினால் கொஞ்ச நேரம் உயிர் வரும். முதல் நிமிடம் நன்றாக ஓடும், பிறகு இளைக்கும். டேப் மெதுவாகும். மெதுவானால் ஸ்ருதியும் இறங்கும். ஆர்மோனியம் வைத்திருப்பவனுக்கு இது உடனே தெரியும். அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருவி இல்லை. அலுவலகத்திலிருந்து வந்த தாளில் கேசட்டில் உள்ளபடியே பிள்ளைகள் பாடவேண்டும் என்று தட்டச்சு செய்திருந்தது. அவர் அதன்படி செய்திருந்தார்.

போட்டிக்கு எல்லாப் பள்ளிக்கும் ஆர்மோனியம் வாசிக்கும் வேலை என்னுடையது. முதலில் என் பிள்ளைகள் பாடினார்கள். ஐந்து கட்டை, ஸ்ருதி சரி. முன்வரிசை ஓடியது, பின்வரிசை துரத்தியது.

அடுத்து மலைப் பிள்ளைகள். மழையைக் கூப்பிடும் கூட்டுப்பாட்டு. அவர் என் பக்கம் குனிந்து, "அஞ்சு கட்டை சார்" என்றார். கேசட் உறையில் அப்படித்தான் போட்டிருந்தது. ஐந்து கட்டை கொடுத்தேன். அவர்கள் என் பெட்டியைக் கவனிக்கவில்லை. ஐந்துக்குச் சற்றுக் கீழே தொடங்கினார்கள். மிக மெதுவாக, மழைக்காலத்து வண்டி ஏற்றத்தில் ஏறுவது போல. நான் துருத்தியை விட்டுவிட்டேன். சரணத்தில் இன்னும் இறங்கினார்கள். கடைசி அடியில் முப்பது குரலும் சேர்ந்து, ஒன்றுகூடப் பிசகாமல், நாலு கட்டைக்குச் சறுக்கி நின்றன.

அப்படி ஒரு சறுக்கல் அந்தப் பாட்டில் கிடையாது. அது செத்துக்கொண்டிருந்த பேட்டரியின் சறுக்கல். ஆனால் முப்பது பேரைச் சேர்ந்து அப்படி இறங்க வைக்க என்னால் ஆயுளுக்கும் முடியாது. எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு முன்பும் எரிந்திருக்கிறது, அன்று போல் இல்லை.

அரங்கில் எல்லாரும் கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கிய ஒரு சிறுமியிடம், "கடைசியில ஏம்மா எறக்கினீங்க?" என்று கேட்டேன்.

"டேப்பு அங்கதான் சார் தூங்கும்" என்றாள். இதுகூடத் தெரியாதா என்கிற முகம்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "இன்னா ஒத்துமை சார்! ஒடம்பு சிலுத்துப் போச்சி. ஆனா எனக்குச் சங்கீதம் தெரியாது. நீங்க சொல்லுங்க. கேசட்டுல இருக்கறாப்பலதானே?"

வாத்தியார் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். என்னையே பார்த்தார். பயமில்லை அந்த முகத்தில். நான் நல்லது சொல்லுவேன் என்று நினைத்திருந்தார்.

"இல்ல சார்" என்றேன். "ஸ்ருதி கம்மி. காலம் ரொம்ப இழுவை. கடைசி அடி கேசட்டுல அப்படி இல்ல."

"அப்ப மிஷின் வெச்சிருந்தும் பிரயோஜனம் இல்லன்றீங்க."

"கேசட்டுல இருக்கறபடி இல்ல, அவ்வளவுதான் சார்."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதிகாரி தாளில் எழுதிக்கொண்டார். வாத்தியார் என்னிடம் வந்து, "கொஞ்சம் கம்மியாதான் ஓடுதுன்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சி சார். நீங்க சொன்னதுதான் கரெக்ட்டு" என்றார். பிறகு பிள்ளைகளை எண்ணி, வரிசைப்படுத்தி, சாப்பிடக் கூட்டிப் போனார்.

அடுத்த புதன்கிழமை மலை வண்டியில் மெஷின் வந்தது. அவர் வரவில்லை. பெட்டி இன்ஜின் பக்கத்தில், தரையில், ஒரு புளி மூட்டைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே இருந்தது. அதே சணல் கயிறு. "இந்த வாட்டி டிக்கெட் இல்ல" என்றார் கண்டக்டர். நான் எடுத்து வந்தேன்.

பள்ளியில் பாட்டு வகுப்பு மேசைமேல் வைத்துத் திறந்தேன். துணியால் துடைத்து அனுப்பியிருந்தார். பேட்டரி அறை காலி. அலுவலகக் கேசட் உறைக்குள் இருந்தது. மெஷினுக்குள் வேறொரு கேசட் இருந்தது. அதன் மேல் அவர் கையெழுத்தில் 'ஒத்திகை' என்று மட்டும். பிள்ளைகள் பாடியதை அந்த மெஷினிலேயே பதிவு செய்திருக்கிறார்.

ஒயரைச் செருகினேன். மின்சாரம் இல்லை. பதினொன்றரை மணிக்குப் போயிருந்தது, மூன்று மணிக்கு வரும் என்றார்கள். இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்தேன். ஆறு பேட்டரிகளையும் போட்டேன். புதியவை என்பதால் மெஷின் உடனே சுற்றியது.

இளைத்த பேட்டரியில் மெதுவாக ஓடும்போது பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால், எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு ஏறி ஒலிக்கும். இது எனக்கு முன்பே தெரியும். பொத்தானை அழுத்தும்போது நினைவில் இல்லை.

முப்பது பேரும் பாடினார்கள். குரல் கொஞ்சம் மெலிந்து கேட்டது. காலம் கேசட்டில் உள்ள காலம். கடைசி அடி சறுக்கவில்லை. ஆர்மோனியத்தை இழுத்து ஐந்து கட்டையை அழுத்திப் பார்த்தேன்.

சேர்ந்தது.