முந்திக்கொண்டு பேசும் சண்முகவடிவு

“மேடம், அந்த இன்டர்னல்...” என்று மாணவி சொல்லி முடிப்பதற்குள், “மார்க் கம்மியா? ரீடெஸ்ட் வியாழக்கிழமை. போ” என்று சொல்லிவிட்டு அடுத்த முகத்தைப் பார்ப்பார் சண்முகவடிவு. அடையாறில் நாங்கள் வேலை பார்க்கும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவிகளுக்கு அவர்தான் கிளாஸ் அட்வைசர். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேசை.

தி.நகரில், தெற்கத்திக்காரரான அப்பாவின் ஜவுளிக்கடையில் வளர்ந்தவர். கடைக்கு வந்தவர் “அந்த நீலம்...” என்று இழுக்கும்போதே மயில்கழுத்து நிறப் புடவையை விரித்துப் போட்டுப் பழகிய கை. “பேசவிட்டா அடுத்த கடைக்குப் போயிருவாங்க, பாத்துக்கிடுங்க” என்பார். காபியைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பார். விடுப்புச் சொல்ல வரும் பெண்களுக்குக் காரணத்தையும் அவரே கொடுத்துவிடுவார்.

மயிலாப்பூரிலிருந்து வரும் ஹம்சினிக்கு இது வசதியாக இருந்தது. அவளுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே சொல் நின்றுவிடும். பஸ் லேட்டா, காய்ச்சலா, வீட்டுல விசேஷமா என்று சண்முகவடிவு கேட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எழுந்து நின்று செமினார் எடுக்க வேண்டிய நாட்களில்தான் அவள் வருவதில்லை என்பதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. வருகை குறைந்து, தேர்வு நெருங்கிய நேரத்தில் அவளுடைய ஹால் டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள்.

அன்று மதியம் எங்கள் அறைக்கு வந்தாள். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார் சண்முகவடிவு. அவள் நகரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, “அ... அ...” என்றாள்.

“அப்பா ஊர்ல இல்லையா?”

ஹம்சினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “மேம், நான் மு... முடிக்கறதுக்குள்ள நீங்க முடிச்சுடறேள். நான் சொல்ல வந்தது அது இல்லை. எப்பவுமே அது இல்லை.”

சண்முகவடிவின் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. செமினார் பயத்தையும், தலையாட்டிய பொய்களையும், ஹால் டிக்கெட் விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதையும் ஹம்சினி விட்டு விட்டுச் சொல்லி முடித்தாள்.

“பிரின்சிபால்கிட்ட நான் சொல்லட்டா, நீயே சொல்லுதியா?” என்று மட்டும் கேட்டார் சண்முகவடிவு.

“நா... நானே. நீங்க கூட இருங்கோ.”

தேர்வுக் குழுவில் இருப்பதால் நானும் போனேன். முதல்வர் முன்னால் ஹம்சினிக்கு முதல் சொல்லே வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “மேடம், நீங்களே சொல்லிடுங்களேன்.”

யாரும் உட்காரச் சொல்லாமலே சண்முகவடிவு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அவ சொல்லுவா சார். எனக்கு அடுத்த பீரியட் கிளாஸ் இல்ல.”

கிளாஸ் இருந்தது. எனக்குத் தெரியும்.

பீரியட் பெல் அடித்து ஓய்ந்தது. ஹம்சினி சொல்லி முடிக்கும்வரை முதல்வரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. தவறவிட்ட செமினார்களை இந்த வாரமே வகுப்பின் முன் எடுத்தால் ஹால் டிக்கெட் தருவதாகச் சொன்னார். முடியுமா என்று கேட்டார்.

“எ... எடுக்கறேன் சார்.”

வெளியே வந்ததும் ஹம்சினி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அவள் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சண்முகவடிவு கை நீட்டி அதை வாங்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, காலி பாட்டிலை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.