அண்ணனின் ஈறு மரத்த நாள்

ஓராண்டுக்கு முன் எங்களை விட்டுவிட்டு ஆண்டவரிடம் போன எங்கள் அண்ணன், நெல்லித்தோப்பில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பை விட்டு மேட்டுப்பாளையத்தில் தகடு வெட்டும் ஆலைக்கு வேலைக்குப் போனார். எங்களைக் கரையேற்றிய பிறகே கல்யாணம் செய்துகொண்டார், மூலக்குளத்தில் வீடு கட்டினார். கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். ஆறியதும் பரோட்டா பொட்டலத்தோடு வருவார். அப்பேர்ப்பட்டவருக்குப் பல் ஊசி என்றால் குலைநடுக்கம். சிறுவயதில் ஈறில் போட்ட ஒரு ஊசி அவரை அப்படி ஆக்கிவிட்டது. “கையில எத்தன ஊசி வேணா குத்து, வாய்க்குள்ள மட்டும் வாணாம்” என்பார்.

இறப்பதற்கு முந்தைய ஆண்டு அவருடைய தாடை வீங்கியது. கிராம்பை அடக்கிக்கொண்டே நாளைக் கடத்தினார். சர்க்கரை வேறு. கஞ்சிகூட இறங்காமல் போனபோது அண்ணியும் நானும் இழுத்துக்கொண்டு போனோம். பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, “சீழ் கழுத்துக்குள்ள எறங்கிட்டா மூச்சுக்கே ஆபத்து. நாளைக்கே பல்ல எடுத்தாவணும்” என்றார்.

மறுநாள் காலை அண்ணன் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்கி உட்கொண்டு வந்தார். சாகப் போகிறவர் மாதிரி பீரோ சாவியை அண்ணியிடம் கொடுத்தார். டாக்டரம்மா அவர் ஈறைப் பஞ்சால் துடைத்து ஒரு ஜெல்லைத் தடவினார். “இது மரத்துப்போறதுக்கு. ஊசி குத்தறது தெரியாது. எச்சில் ஊறினா துப்பிடுங்க.”

அண்ணன் துப்பவில்லை. நன்மை வாங்கிய அன்று துப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம். அத்தனையையும் விழுங்கினார்.

கொஞ்ச நேரத்தில் கண் பிதுங்க எழுந்து உட்கார்ந்தார். “தொண்ட மூடிக்கிச்சு பாப்பா. சீழ் எறங்கிடுச்சு. மூச்சு வரல.” என் கையை நெரித்துவிடுவதுபோலப் பிடித்துக்கொண்டார். அண்ணி ஜெபமாலையைத் தேடினார். அண்ணன் என் கண்ணெதிரே போய்விடுவார் என்றே நினைத்தேன்.

டாக்டரம்மா அவர் முதுகில் கைவைத்து, “முழுங்கிட்டீங்களா? தொண்டையும் மரத்துப்போச்சு, அவ்ளோதான். பேசறீங்க இல்ல, அப்போ மூச்சு வருது” என்றார். அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தாரோ என்னவோ, அண்ணன் மங்கள வார்த்தை ஜெபத்தை உரக்கச் சொல்லி முடித்தார். நிஜமாகவே மூச்சு வந்தது. பிறகு தானே சாய்ந்துகொண்டார். மறுபடி தடவியபோது துப்பிவிட்டு, “மாதா மன்னிப்பாங்க” என்றார். ஊசி போட்டு முடித்தபின், “எப்போ குத்துவீங்க?” என்று கேட்டார்.

இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அவர் கையில் நரம்பே கிடைக்கவில்லை. எத்தனை ஊசி வேண்டுமானாலும் குத்தச் சொன்னவர், நர்ஸைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். பாதி மயக்கத்தில், “தடவியாச்சா?” என்றார். அங்கே ஜெல் ஏது? என் விரலால் அவர் புறங்கையைத் தடவினேன்.

“தடவியாச்சுண்ணா.”

கையை நீட்டினார்.

அண்ணனுக்காக இரவு பகல் பாராமல் அலைந்த ஆலை நண்பர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத மூலக்குளம் அக்கம்பக்கத்தாருக்கும், பங்குச் சாமியாருக்கும், அந்த டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. அடுத்த வாரம் அதே டாக்டரம்மாவிடம் எனக்கு ஒரு பல் எடுக்க வேண்டும். ஜெல் தடவுவார்கள், வலிக்காது, எல்லாம் தெரியும். பிடித்துக்கொள்ள அண்ணன் கை இல்லாமல் அந்த நாற்காலியில் ஏறப் பயமாக இருக்கிறது.

— கடைசித் தங்கை