ஒமேனா கடித்த தண்டு

லெம்பிக்குக் காட்டில் இரண்டே வகைச் செடிகள்தான்: மாடு தின்னலாம், மாடு தின்னக்கூடாது. ரோவன் இலை தின்னலாம். வில்லோ தளிர் தின்னலாம். ஆல்டரை மாடே தொடாது. பெரணி கூடவே கூடாது. நான் பால் வண்டிக்காரன், வருஷக்கணக்காக அவள் வாசலில் கேன் ஏற்றுகிறேன். ஒரு பூ அழகாக இருக்கிறது என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை.

புருஷன் மரம் வெட்டப் போன இடத்தில் செத்தான். மகள் ஸ்வீடனில் ஆலை வேலைக்குப் போய் நாலாவது மாடியில் குடியிருக்கிறாள். மாடு செத்துப்போனால் அங்கே வந்துவிட வேண்டும் என்று அவள் கேட்க, லெம்பியும் தலையாட்டிவிட்டாள். இருக்கிற ஒரே மாடு ஒமேனா, அது இப்போதைக்குப் போகாது என்கிற தைரியம்.

வசந்தத்தில் மாட்டை அவிழ்த்துவிடும் முன் ஓடைக்கரையில் நச்சுக்குழல் செடியைக் கிழங்கோடு பிடுங்கிவிடுவாள். பனி உருகியதும் முதலில் பச்சை காட்டுவது அதுதான். ஒரு வாய் போதும், மாடு சாய்ந்துவிடும். பக்கத்திலேயே கரடிக்குழலும் முளைக்கும், அது ஒன்றும் செய்யாது. முளையில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்து தொலைக்கும்.

இந்த வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதிக்கரை பிடுங்கியதோடு போய்ப் படுத்துவிட்டாள். கொட்டிலில் காய்ந்த புல்லும் தீர்ந்துபோயிருந்தது. ஒமேனா கதவை முட்டித் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது.

நான் போனபோது அது மீதிக்கரையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. காலடியில் கடித்த தண்டு ஒன்று, விரல் உயரத்துக்கு. இலை ஒன்றுகூட மிச்சமில்லை. லெம்பி அதன் முன்னால் குந்தியிருந்தாள்.

"அர்வோ, கத்தி இருக்கா?"

"மாட்டு டாக்டரக் கூட்டிட்டு வரவா?"

"நீ ஓட்டுற வேகத்துக்கு அவர் வர்றதுக்குள்ள நானே செத்துருவேன். கத்தியக் குடு."

"மோந்து பாத்தாத் தெரியாதா?"

"எத மோந்தாலும் உன் வண்டி டீசல்தான் நாறுது. தள்ளி நில்லு."

மண்ணைப் பறித்துக் கிழங்கை எடுத்தாள். ஓடையில் அலசினாள்.

"உள்ள அறை அறையா இருந்தா நச்சு," என்றாள். நெடுக்காகப் பிளந்தாள். அவள் கட்டைவிரல் மறைத்ததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாடு மட்டும் அசைபோட்டுக்கொண்டே இருந்தது.

"என்னாச்சு, சொல்லித் தொலையேன்."

"அறை இல்ல. கரடிக்குழல்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே மீதிக்கரையைப் பார்த்தாள்.

"மக வீட்ல லிப்ட் இருக்காம்டா. குனியவே வேண்டாமாம்."

"அப்போ போயேன்."

"நீ வந்து பால் கறப்பியா? மாட்டக் கொண்டுபோய்க் கட்டு, போ."

கட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். ஆல்டர் கிளையைப் பிடித்து எப்படியோ எழுந்திருந்தாள். ஒரு கை இடுப்பில், மறுகையில் என் கத்தி. அடுத்த முளைக்குக் குனிந்துகொண்டிருந்தாள்.